எடுக்க வராத கண்ணாடி

ஜூலை 5

அக்கா,

பார்சல் கைக்கு வந்ததும் முதலில் கயிற்றைப் பார். இரட்டை முடிச்சு, நான் போட்டது. அது மாறியிருந்தால் பிரிக்காமல் எனக்கு எழுது. சிரிக்காதே. இருபத்திரண்டு வருஷம் போலீஸ் வேலை பார்த்தவளுக்கு வேறு என்ன பழக்கம் வரும்?

ஏழாவது குற்றக் கதைத் தொகுப்புக்கு அறுபதுக்கு மேல் கதைகள் வந்தன. பதினான்கை நிறுத்தியிருக்கிறேன். வழக்கம்போல எழுதியவரின் பெயரும் முகவரியும் உள்ள தாளைத் தனி உறையில் போட்டு ஒட்டிவிட்டேன். நேற்று ஞாயிற்றுக்கிழமை, சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து கதைக்கு ஒரு எண், உறைக்கு அதே எண் என்று என் கையாலேயே போட்டேன். அந்த எண்கள் எனக்கும் உனக்கும் மட்டும்தான் தெரியும். நீ புரூஃப் பார்த்து, இருவரும் தேர்வை முடித்த பிறகுதான் உறைகளைத் திறப்பேன். தெரிந்தவர் கதை என்று கை இளகிவிடக் கூடாது.

கதைகளைப் பற்றி முன்கூட்டியே எதுவும் சொல்ல மாட்டேன். ஒன்றில் மட்டும் இன்ஸ்பெக்டர் பத்திக்கு மூன்று தடவை மீசையை முறுக்குகிறார். நானும் இன்ஸ்பெக்டர்தான், நான் எதை முறுக்குவது? அத்தானிடம் கொடுத்துக் கொலைகாரன் யாரென்று கேள். அவர் யாரைச் சொல்கிறாரோ அவரை விட்டுவிட்டு மற்றவர்களைச் சந்தேகிக்கலாம்.

போனில் பேசிவிடலாம்தான். ஆனால் உன் காது மெஷின் விசில் அடிக்கும், என் குரல் உடனே ஸ்டேஷன் குரலாகும், பிறகு பழைய சண்டை திரும்ப வரும். கடிதமே நமக்கு நல்லது.

செப்டம்பர் இருபதாம் தேதி ஒரு மேல்முறையீடு இருக்கிறது. நாம் பேசாமல் இருந்த பத்து மாதத்தில் நடந்த வழக்கு, உனக்குத் தெரியாது. அதற்குப் பிறகு அக்டோபரில் பதவி உயர்வுப் பட்டியல். அதற்குள் புத்தகம் அச்சுக்குப் போய்விட வேண்டும்.

சின்னவள்


ஜூலை 17

சின்னவளுக்கு,

முடிச்சு உன்னுடையதுதான். உன் அத்தான் அரை மணி நேரம் மல்லுக்கட்டிவிட்டுக் கடைசியில் கத்தரியால் வெட்டினார்.

பதிமூன்று கதைகளைத் திருத்தி இத்துடன் அனுப்புகிறேன். மூன்றாம் கதையில் செத்தவர் ஏழாம் பக்கத்தில் காபி குடிக்கிறார். எட்டாம் கதையை எழுதியவருக்குக் காற்புள்ளி என்றால் ஆகாது போலிருக்கிறது. மீசைக் கதையில் இரண்டு முறுக்கலை எடுத்துவிட்டேன். அத்தான் எல்லாவற்றிலும் தோட்டக்காரரையே பிடித்தார். தோட்டமே இல்லாத கதையிலும் பிடித்தார்.

பதினோராம் கதையை மட்டும் அனுப்பவில்லை. ஒரு எழுத்துப் பிழை இல்லை, ஒரு ஒற்றுப் பிழை இல்லை. முப்பது வருஷமாகப் புரூஃப் பார்க்கிறேன், இப்படி ஒரு கையெழுத்துப் பிரதி எனக்கு வந்ததில்லை. நீ நிறுத்தி வைத்ததால் படித்திருப்பாய் என்றுதான் நினைக்கிறேன். தலைப்பு, "எடுக்க வராத கண்ணாடி". மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கும் கிழவரை ஒருவன் சாயங்காலம் கடை மூடும் நேரத்தில் தலையில் அடித்துக் கொல்கிறான். ஏன் கொன்றான் என்று ஒரு வரிகூட இல்லை. அந்த இடத்தில் ஓரத்தில் கேள்விக்குறி போட்டேன். பிறகு இப்படி வருகிறது:

"அன்றைய தேதியைக் கிழித்தான். எறிய மனம் வரவில்லை. நாலாக மடித்தான். ரிப்பேர் முடிந்த கண்ணாடிகள் ஒரு தட்டில் வரிசையாக இருந்தன. போலீஸ்காரி பெயர் எழுதிய பெட்டியைத் திறந்து, உள்ளே துணிக்கு அடியில் வைத்து மூடினான். நாளைக்கு வந்து எடுப்பாள், பார்ப்பாள் என்று நினைத்தான். அவள் வரவே இல்லை."

இதைப் படித்ததும் உன் கவிதை ஞாபகம் வந்தது. போன வருஷம் பிப்ரவரியில் நீ எழுதியது. அதற்காகத்தானே நாம் சண்டை போட்டோம். தேடி எடுத்தேன்.

"இறந்தவருக்கு இன்னும் செவ்வாய்.
அவர் சுவரின் நாள்காட்டிக்குப் புதன்.
ஒரு தாளைக் கிழித்துக் குப்பையில் எறிந்த கைக்கு
என்ன கிழமை?"

உன் கவிதையில் குப்பை, இவன் கதையில் கண்ணாடிப் பெட்டி. உன்னைத் திருத்துகிற மாதிரி இருக்கிறது. உன்னைத் திருத்துவது என் வேலை, எனக்கே கோபம் வந்தது. அத்தானிடம் கொடுத்தேன். அவர் தோட்டக்காரரைச் சொல்லவில்லை. கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, "இவன் யோசிச்சு எழுதலை. நடந்ததை எழுதியிருக்கான்" என்றார். அன்று அவர் சரியாகச் சாப்பிடவும் இல்லை.

இது உன் ஊரில் நடந்ததா?

அக்கா


ஜூலை 25

அக்கா,

அத்தானை நன்றாகச் சாப்பிடச் சொல். பதினோராம் கதையில் மர்மம் ஒன்றும் இல்லை.

நீ கேட்டதால் சொல்கிறேன். போன வருஷம் பிப்ரவரி மூன்றாம் தேதி, செவ்வாய்க்கிழமை மாலை, எங்கள் ஊர்க் கண்ணாடிக்கடைக்காரரை யாரோ அடித்துக் கொன்றுவிட்டார்கள். மறுநாள் காலையில் கடையில் வேலை பார்க்கும் பெண் வந்து பார்த்திருக்கிறாள். நான் போனபோது சுவரில் தினசரி காலண்டர் புதன்கிழமையைக் காட்டியது. அன்று புதன்தான், அதனால் யாருக்கும் உறுத்தவில்லை. எனக்கு உறுத்தியது. தினமும் காலையில் கடை திறந்ததும் முதலாளிதான் தாளைக் கிழிப்பார் என்று அந்தப் பெண் சொன்னாள். முதலாளி செவ்வாய் சாயங்காலமே போய்விட்டார். அப்படியென்றால் செவ்வாயைக் கிழித்தது கொன்றவன்.

என் வேலை முறை உனக்குத் தெரியாது. ஒவ்வொரு வழக்கிலும் ஒரே ஒரு விஷயத்தைக் கையில் மூடி வைத்துக்கொள்வேன். பத்திரிகைக்குச் சொல்ல மாட்டேன், கேஸ் டைரியில் எழுத மாட்டேன், கூட இருப்பவர்களிடமும் மூச்சு விட மாட்டேன். அது பிடிபட்டவன் வாயிலிருந்து தானாக வந்தால் அவன்தான் ஆள். இதுவரை ஒன்பது வழக்கில் அப்படித்தான் முடித்திருக்கிறேன்.

மார்ச் மாதம் ஒரு பைண்டரைப் பிடித்தோம். அச்சகத்தில் தாள் மடித்துத் தைக்கிறவன். கொலைக்கு முதல் நாள் லென்ஸ் சரியில்லை என்று கடையில் போய்ச் சத்தம் போட்டிருக்கிறான். மூன்றாம் நாள் விசாரணையில் காலண்டரைச் சொன்னான். மற்றதெல்லாம் சந்தேகம், காலண்டர்தான் சாட்சி. என்னையும் கொன்றவனையும் தவிர உலகத்தில் யாருக்கும் அது தெரியாது என்று கூண்டில் ஏறிச் சொன்னேன். நவம்பரில் ஆயுள் தண்டனை கொடுத்தார்கள். தீர்ப்பு பேப்பரில் வந்தது, காலண்டர் விஷயமும் வந்தது. அதைப் படித்துவிட்டு யாரோ கதை கட்டியிருக்கிறார்கள். நான் நிறுத்தியதும் அதனால்தான். எழுத்து நன்றாக இருந்தது, விஷயம் பேப்பரில் வந்ததுதானே என்று நினைத்தேன்.

திருத்த ஒன்றும் இல்லை என்றால் அப்படியே அனுப்பிவிடு.

சின்னவள்


ஆகஸ்ட் 3

சின்னவளுக்கு,

உன் கடிதத்தை நாலு தடவை படித்தேன். ஒரு வரியில் வந்து வந்து நின்றுவிடுகிறேன். "என்னையும் கொன்றவனையும் தவிர உலகத்தில் யாருக்கும் தெரியாது."

எனக்குத் தெரியுமே.

போன வருஷம் பிப்ரவரி ஒன்பதாம் தேதி நீ எனக்குக் கவிதையை அனுப்பினாய். செவ்வாய் எப்படிப் புதனாகும், பிழையா என்று ஓரத்தில் எழுதித் திருப்பி அனுப்பினேன். நீ அதற்குக் கீழேயே பதில் எழுதினாய்: "பிழை இல்லை. நடந்தது. கண்ணாடிக்கடைச் சுவர்." பிறகுதான் நான் போன் செய்தேன். செத்தவர் வீட்டுக்கு நீ துக்கம் கேட்கப் போன மாதிரி இல்லை, பூப்பறிக்கப் போன மாதிரி இருக்கிறது என்று வாய்க்கு வந்ததைச் சொன்னேன். நீ வைத்துவிட்டாய். பத்து மாதம் பேசவில்லை. அந்த மாதக் கடைசியிலேயே கவிதை பத்திரிகையில் வந்துவிட்டது. பிடித்தது மார்ச்சில் என்கிறாய்.

பத்திரிகையை எடுத்துக் கடைசிப் பக்கம் பார்த்தேன். அச்சிட்டதும் தைத்ததும் உன் ஊர் அச்சகம். உன் பைண்டர் வேலை பார்த்தது எந்த அச்சகம்? வேறு ஒன்று என்று நீ ஒரே ஒரு வரி எழுதினால் போதும், நான் நிம்மதியாகத் தூங்குவேன்.

இன்னொன்று. பதினோராம் கதையில் இருக்கிற கண்ணாடிப் பெட்டியைப் பற்றி உன் கடிதத்தில் ஒரு வார்த்தை இல்லை. மூன்று பக்கம் எழுதியிருக்கிறாய், அதை மட்டும் தாண்டிப் போயிருக்கிறாய். அந்தப் பிப்ரவரிக் கடிதத்தில், கண்ணாடி ரிப்பேருக்குக் கொடுத்தது மாட்டிக்கொண்டுவிட்டது, அதனால் எழுத்துக் கோணல் என்று இருக்கிறது. எந்தக் கடையில் கொடுத்தாய்?



அக்கா


ஆகஸ்ட் 14

அக்கா அவர்களுக்கு,

உங்கள் ஆகஸ்ட் 3 கடிதம் கிடைத்தது.

நிலுவையில் இருக்கும் ஒரு வழக்கைப் பற்றித் தபாலில் எழுதுவது முறையல்ல. நான் எழுதியதும் தவறு. உங்களிடம் இருக்கும் கவிதைப் பிரதியையும், ஓரக் குறிப்பையும், பிப்ரவரிக் கடிதத்தையும் பதிவுத் தபாலில் எனக்கு அனுப்பிவிடவும். அனுப்ப வசதிப்படாவிட்டால் அடுப்பில் போட்டுவிட்டு, போட்டுவிட்டேன் என்று ஒரு வரி எழுதினாலும் போதும்.

கவிதையைக் கவிதையாகத்தான் எழுதினேன். அதைப் படித்து ஒருவன் காலண்டரைத் தெரிந்துகொள்வான் என்று யாராவது நினைப்பார்களா? முந்நூறு பிரதி அச்சாகிற பத்திரிகை. அதில் இருநூறை நாங்கள் எழுதுகிறவர்களே ஒருவருக்கொருவர் கொடுத்துக்கொள்கிறோம்.

ஒன்பது வழக்கு இருக்கிறது. இதில் ஒரு கல்லை உருவினால் அந்த ஒன்பதும் ஆடும். உள்ளே இருப்பவர்கள் எல்லாரும் மனுப் போடுவார்கள். அதில் நிஜமாகவே கொன்றவர்கள் இருக்கிறார்கள், அக்கா. அவர்கள் கை என்ன செய்தது என்று நான் நேரில் பார்த்தவள். இதை நீ யோசித்தாயா? என் பட்டியலை விடு. இருபத்திரண்டு வருஷத்தை விடு. இதை யோசி.

அச்சகத்தைக் கேட்டிருந்தாய். அதே அச்சகம்தான்.

தாள்களை அனுப்பு.


ஆகஸ்ட் 22

சின்னவளுக்கு,

"அவர்களுக்கு" என்று போட்டிருக்கிறாய். கையெழுத்தும் போடவில்லை. இப்படி ஒரு கடிதம் வீட்டுக்கு வந்தால் பயப்பட வேண்டும் என்று உனக்கே தெரியும், நீதானே ஊருக்கெல்லாம் அனுப்புகிறாய். எனக்குப் பயமாகத்தான் இருந்தது. நான் தூக்கி வளர்த்தவளிடம் எனக்குப் பயம் வந்துவிட்டதே என்று அழுகையும் வந்தது.

தாள்களை அனுப்ப மாட்டேன். எரிக்கவும் மாட்டேன். யாரிடமும் காட்டவும் இல்லை. அத்தானின் இரும்புப் பெட்டியில் இருக்கிறது, சாவி என் இடுப்பில். என்ன செய்வது என்று நீதான் சொல்ல வேண்டும். நான் உன்னைக் காட்டிக்கொடுக்க மாட்டேன், உனக்கு ஒத்தாசையும் செய்ய மாட்டேன்.

மூன்றாம் நாள் அவன் காலண்டரைச் சொன்னான் என்கிறாய். எப்படிச் சொன்னான் என்பதை எழுதவில்லை. நான் புரூஃப் பார்க்கிறவள், விட்டுப்போன வரிதான் முதலில் என் கண்ணில் படும்.

உன் கண்ணாடி இப்போது எங்கே இருக்கிறது? போய் ஒரு தடவை திறந்து பார். ஒன்றும் இல்லை என்றால் நான் வாயை மூடிக்கொள்கிறேன். அத்தானும் இதையேதான் சொல்லச் சொன்னார்.

அக்கா


செப்டம்பர் 2

அக்கா,

இருந்தது.

ஒழுங்காக எழுதுகிறேன்.

கடையில் இருந்த எல்லாவற்றையும் அன்று பட்டியல் போட்டு ஸ்டேஷன் பொருள் அறையில் வைத்தோம். என் கண்ணாடியும் அதில் இருந்தது. பெட்டியின் மேல் "போலீஸ் மேடம்" என்று கிழவர் கையால் ஒரு சீட்டு. ஸ்டேஷனில் பதிவேடு எழுதும் ரைட்டர் அப்போதே, "உங்க கண்ணாடிதானே மேடம், எடுத்துக்குங்க" என்றார். வழக்குப் பொருளை நானே எடுத்தால் அப்புறம் என்ன ஒழுங்கு என்று அவரைத் திட்டினேன். புதுக் கண்ணாடி வாங்கிக்கொண்டேன். அந்த நேர்மையைப் பற்றி எனக்கு உள்ளுக்குள் பெருமைகூட இருந்தது.

நேற்று மத்தியானம் ரைட்டரைச் சாட்சிக்கு வைத்துக்கொண்டு பெட்டியைத் திறந்தேன். கண்ணாடி, துடைக்கும் துணி, துணிக்கு அடியில் நாலாக மடித்த தாள். பிப்ரவரி மூன்று, செவ்வாய். ஒன்றரை வருஷமாக நான் தினமும் தாண்டிப் போகும் அலமாரியில் இருந்திருக்கிறது. குப்பையில் எறிந்தான் என்று நான் எழுதியது தப்பு. அவன் எனக்கென்று வைத்துவிட்டுப் போயிருக்கிறான். நான் எடுக்கப் போகாததால் காத்திருந்து காத்திருந்து, கடைசியில் கதை எழுதி அனுப்பியிருக்கிறான்.

வீட்டுக்கு வந்து பதினோராம் உறையைத் திறந்தேன். எண் போடும்போது தாள்களைக் கவிழ்த்து வைத்தே உறையில் போடுவேன், அதனால் முன்பு பார்க்கவில்லை. பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றும் இல்லை. முகவரி இருந்தது. என் வீட்டு முகவரி.

நீ கேட்ட விட்டுப்போன வரியை இப்போது எழுதுகிறேன். பைண்டர் மேல் நான் கை வைக்கவில்லை. தூங்கவிடவில்லை, அவ்வளவுதான். மூன்று நாளும் நான் கேட்டது ஒரே கேள்வி, "கடையில வேற என்ன பண்ணே?" அவன் ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்த்தான். கதவைச் சாத்தினேன் என்றான், விளக்கை அணைத்தேன் என்றான். என் முகத்தைப் பார்த்துப் பார்த்து மாற்றினான். மூன்றாம் நாள், பள்ளிக்கூடத்தில் பிள்ளை பதில் சொல்கிற மாதிரி, "காலண்டரா மேடம்?" என்றான். கேள்வியாகத்தான் கேட்டான். நான் பேனாவை எடுத்துக்கொண்டேன். கேள்விக்குறியை விட்டுவிட்டு எழுதினேன்.

அவனுக்கு ஒரு அக்கா இருக்கிறாள். ஒவ்வொரு வாய்தாவுக்கும் வந்து கோர்ட் வராந்தாவில் தூணோரம் நிற்பாள். என்னைத் திட்டியதில்லை, சாபம் விட்டதில்லை. அவள் பார்க்காத பக்கமாகத்தான் நான் நடந்து போவேன். ஏன் என்று இதுவரை யோசித்ததில்லை.

மேலதிகாரிக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன். இருபதாம் தேதி கூண்டில் ஏறிச் சொல்லப் போகிறேன். கீழே பைண்டரின் வக்கீல் முகவரி இருக்கிறது. தாள்களை அவருக்கு அனுப்பிவிடு. ஆகஸ்ட் பதினாலாம் தேதிக் கடிதத்தையும் சேர்த்து அனுப்பு. அதுவும் நான் எழுதியதுதான்.

என்னை மன்னித்துவிடு.

சின்னவள்


செப்டம்பர் 12

என் சின்னவளே,

தாள்களைப் பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டேன். ஆகஸ்ட் கடிதத்தை அனுப்ப எனக்கு மனமில்லை. அத்தான்தான், அவள் கேட்டிருக்கிறாள், அவள் கேட்டதைச் செய் என்று உறையில் வைத்தார்.

மன்னிப்பதற்கு நான் யார்? உனக்குக் கவிதை எழுதச் சொல்லிக் கொடுத்ததே நான்தான். அன்று சண்டை போட்டதற்குப் பதிலாக, இதை அச்சில் போடாதே என்று நிதானமாகச் சொல்லியிருந்தால் ஒருவன் ஜெயிலுக்குப் போயிருக்க மாட்டான். எனக்கு ரோஷம் பெரிதாக இருந்தது.

இப்போது இதைப் பதறாமல் படி. நேற்று எனக்கு ஒரு தபால் அட்டை வந்தது. அனுப்பியவர் பெயர் இல்லை. முத்திரை உன் ஊருடையது. கையெழுத்து அதே கையெழுத்து, அச்சுக் கோத்த மாதிரி. இவ்வளவுதான் இருக்கிறது: "புரூஃப் பார்க்கும் அம்மாவுக்கு வணக்கம். பதினோராம் கதையில் ஏன் கொன்றான் என்ற இடத்தில் கேள்விக்குறி போட்டிருக்கிறீர்கள். அது அப்படியே இருக்கட்டும். கதை புத்தகத்தில் வருமா என்று தங்கையைக் கேட்டுச் சொல்லவும்."

நான் கேள்விக்குறி போட்டதை உனக்கு எழுதிய கடிதத்தில்தான் சொன்னேன். அந்தக் கதைக்குப் பதினொன்று என்று எண் போட்டது உன் சாப்பாட்டு மேஜையில். இவனுக்கு எப்படித் தெரியும்?

அட்டையை வக்கீலுக்கு அனுப்பட்டுமா, உனக்கா? நீ உடனே இங்கே வந்துவிடு. வேலையாவது, புத்தகமாவது. அத்தான் வாசல் கதவுக்கு இன்னொரு தாழ்ப்பாள் போட்டிருக்கிறார். கோணலாகப் போட்டிருக்கிறார், இருந்தாலும் போட்டிருக்கிறார்.

அக்கா


அக்டோபர் 8, வெள்ளி

அக்கா,

அட்டை கிடைத்தது. அதையும் அதிகாரியிடம் கொடுத்துவிட்டேன். உன் கடிதங்களை மேஜை இழுப்பறையில் வைத்திருந்தேன். பூட்டியதில்லை. வீட்டில் நான் ஒருத்திதானே என்று இருந்துவிட்டேன். பூட்டு, தாழ்ப்பாள் எல்லாம் மாற்றியாயிற்று. வழக்கு வேறு ஒருவர் கைக்குப் போய்விட்டது. அட்டையோடு நீ அனுப்பிய பதினோராம் கதைத் தாளில் நம் கைரேகைகளைத் தவிர வேறு இல்லை என்கிறார்.

பைண்டர் போன மாதம் இருபத்தொன்பதாம் தேதி வெளியே வந்தான். இருபதாம் தேதி நான் கூண்டில் பேசி முடித்ததும் கவிதையை நீதிபதி உரக்கப் படிக்கச் சொன்னார். வக்கீல் தட்டுத் தடுமாறிப் படித்தார். என் கவிதையை இதுவரை யாரும் அவ்வளவு கவனமாகக் கேட்டதில்லை.

அவன் விடுதலையான அன்று கோர்ட் வராந்தாவில் அவனும் அவன் அக்காவும் நின்றிருந்தார்கள். இந்தத் தடவை நான் அந்தப் பக்கமாகவே போனேன். என்ன சொல்வதென்று தெரியவில்லை, கையைக் கூப்பினேன். அவன் கூச்சப்பட்டுக்கொண்டு, "உங்க கவிதை நல்லா இருந்துச்சு மேடம். தாள் மடிக்கும்போது ரெண்டு தடவை படிச்சேன். அதான் நீங்க கேட்டப்ப ஞாபகம் வந்துச்சு" என்றான். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அவன் அக்கா அவனைக் கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு போனாள். அன்றிலிருந்து ஒரு வரிகூட எழுத முடியவில்லை, இனி முடியும் என்றும் தோன்றவில்லை.

என்னைச் சஸ்பெண்ட் செய்துவிட்டார்கள். துப்பாக்கியைக் கொடுத்துவிட்டேன், வாசலில் இருந்த காவலும் முந்தாநாளோடு போய்விட்டது. ஒன்பது வழக்கையும் மறுபடி பார்க்கப் போகிறார்களாம். பார்க்கட்டும். தொகுப்பைப் பதிமூன்று கதையோடு பதிப்பாளரிடம் கொடுத்தேன். முன்னுரையில், பதினோராம் கதை சேர்க்கப்படவில்லை என்று ஒரு வரி மட்டும் எழுதினேன். அது நேற்றுப் பத்திரிகைச் செய்தியிலும் வந்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை ரயிலில் உன்னிடம் வருகிறேன். டிக்கெட் எடுத்துவிட்டேன். இதை எழுத உட்கார்ந்ததும் அதைச் சொல்லத்தான்.

இப்போது மத்தியானம் மூன்றரை மணி. கடைத்தெரு வரை போய் உனக்கு ஒரு சால்வை வாங்கிக்கொண்டு வந்தேன். நாற்பது நிமிஷம் இருக்கும். கதவு பூட்டியபடியே இருந்தது. மேலே உள்ள பத்திகளை எழுதிவிட்டு ரயில் தேதியைச் சரிபார்க்கலாம் என்று நிமிர்ந்து சுவரைப் பார்த்தேன்.

காலண்டர் சனிக்கிழமையைக் காட்டுகிறது.

நான் கிழிக்கவில்லை. காலையில் டீ போடும்போது வெள்ளியை வைத்தேன், அது நன்றாக ஞாபகம் இருக்கிறது. குப்பைக்கூடையைப் பார்த்தேன், தாள் இல்லை. ஒவ்வொரு அறையாகப் போய்ப் பார்த்தேன். யாரும் இல்லை. ஸ்டேஷனுக்குப் போன் செய்தேன். எடுத்தவர் எனக்குக் கீழே வேலை பார்த்தவர்தான். "தேதி கிழிஞ்சிருக்குன்னு எப்படி மேடம் புகார் எழுதறது?" என்று மெதுவாகக் கேட்டார். கடைசியில் ஆள் அனுப்புகிறேன் என்றார். அதற்குள் இதை முடித்து எதிர்வீட்டுக்காரரிடம் தபாலில் போடக் கொடுத்துவிடப் போகிறேன். எதையும் தொடுவதற்கு முன் பார்த்ததை எழுதி வைக்க வேண்டும் என்று எனக்குக் கீழே வேலைக்கு வந்த எல்லோருக்கும் சொல்லிக் கொடுத்திருக்கிறேன்.

பார்த்ததை எழுதுகிறேன். மேஜையின் மேல் சால்வைப் பொட்டலம், பேனா மூடி, என் கண்ணாடிப் பெட்டி. பெட்டி மூடியிருக்கிறது. காலையில் நான் அதைத் திறந்தபடி ஜன்னலோரம் வைத்துவிட்டுப் போனேன். கண்ணாடி என் முகத்தில் இருக்கிறது, அக்கா. பெட்டிக்குள் ஒன்றும் இருக்கக் கூடாது.

சின்னவள்